ஈப்போவிலிருந்து கடலை இல்லாமல்

4 ஜனவரி 2026, ஞாயிறு

விடுமுறைக்கு ஈப்போ வந்திருக்கும் பேத்தி மிஷெலை வியாழக்கிழமை விமானத்தில் ஜொகூருக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று மகள் பமேலாவிடம் மறுபடி கேட்டேன். "மருந்துப் பை உங்க கையிலயே இருக்கணும்பா" என்றாள். சம்மதம்தான்.

போன வருடத்தை அவள் மறக்கவில்லை. கடலை ஒவ்வாத பிள்ளைக்குக் கடலைத் தூள் போட்ட பலகாரத்தை ஊட்டியது நான். உதடு வீங்கியதும் எறும்பு கடித்திருக்கும் என்று சொன்னதும் நான். டாக்டர் மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் உண்மை வாயில் வந்தது. "தப்பு செஞ்சா கையைத் தூக்கு" என்று முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் சொன்னவன்!

மருந்துப் பையில் ஓர் அட்டை உண்டு. ஒவ்வாமை வந்தால் ஊசி போடத் தெரிந்தவர்களின் பெயர்கள். என் பெயரை அடித்து ஒரு கோடு.

5 ஜனவரி

முனையில்லாத பயிற்சி ஊசியைத் தொடையில் அழுத்தி, மூன்று எண்ணும்வரை பிடிக்கப் பழகினேன். பரீட்சை வைப்பவள் மிஷெல். பத்துக்கு ஆறு. "தாத்தா மூணு வரைக்கும் எண்ணல."

6 ஜனவரி

பத்துக்கு எட்டு. எண்ணினேனே? "மூஞ்சி பயந்த மாதிரி இருக்கு."

7 ஜனவரி

விமான நிறுவனத்தில் கேட்டேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் கடலை பிரிக்க வேண்டாம் என்று சொல்வார்களாம், விமானத்தில் கடலையே இருக்காது என்று உறுதி தர முடியாதாம். நியாயம்தான். பக்கத்து ஊர் மெங்லெம்பின் பேர்போன கடலை இல்லாமல் ஈப்போக்காரர் யார் வெளியூர் போகிறார்? கேமரன் மலையிலிருந்து இறங்குகிறவரிடம் காய்கறி இருக்கக் கூடாது என்பது போல.

8 ஜனவரி, ஜொகூர் பாரு

விமானத்தில் ஏறியதும் மிஷெலின் இருக்கையைத் துடைத்தேன். நடைபாதைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் சிலிபின் வட்டாரத்துக் குமுதா அக்கா, மடியில் பிரித்த கடலைப் பொட்டலம். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு மணி நேரந்தான லா சார். வாயைக் கட்டுனா செத்தா போயிருவேன்?"

பொட்டலத்தை இறுக்கிக் கட்டினார். கைகழுவி வந்து மிஷெலிடம் இரண்டு கையையும் நீட்டினார். அவள் நகம் வரை பார்த்து, "பாஸ்" என்றாள். பின்னால் இருந்த சீனப் பெரியவரும் கையை நீட்டினார்.

ஈரத்தாள் எடுக்க என் பையைத் திறந்தேன். உள்ளே அரைக் கிலோ மெங்லெம்பு கடலை.

ஏறும் முன் விமான நிலையத்தில் பழைய மாணவன் சுகுமாரன், "மகளுக்குக் குடுங்க சார்" என்று நீட்டினான். பேச்சு சுவாரசியத்தில் வாங்கிப் போட்டிருக்கிறேன். பிரிக்காத பொட்டலம்தான். இருந்தாலும் – என்ன மனுஷன்யா நான்?

குமுதா அக்கா எட்டிப் பார்த்தார். "அட, கச்சான் கடலை வியாபாரியே சார்தானா?" மூன்று வரிசை சிரித்தது. பணிப்பெண் பொட்டலத்தை வாங்கிப் போனாள். நானும் கைகழுவி வந்து நீட்டினேன். மிஷெல் பார்த்தாள். "இன்னொரு தடவை கழுவுங்க."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளியே பமேலா காத்து நின்றாள். சொல்லாமல் விடலாமா? மிஷெல் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டபோதே கையைத் தூக்கிவிட்டேன். முழுதாகச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இந்தத் தடவை டாக்டர் கேக்குற வரைக்கும் காத்திருக்கலயேப்பா."

10 ஜனவரி

நாளை ஊருக்குத் திரும்புகிறேன். பழக்கத்தில் மருந்துப் பையைத் திறந்து பார்த்தேன். புது அட்டை. இரண்டாவது வரியில் பமேலாவின் கையெழுத்தில் என் பெயர். பக்கத்தில் பென்சிலில், கோணலாக: 9/10.