எனக்காக வைத்த கைப்பிடி

கூரை உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் ஒன்றுபோல் நிழலாகி, அழைத்த இடத்தையெல்லாம் தன் இல்லமாகக் கொள்ளும் பரம்பொருளின் திருவடிகளை நெஞ்சில் இருத்தி இதைத் தொடங்குகிறேன்.

என் செல்ல மகள் சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இறையருளால் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதுதான் கண்மூடி நிற்கும்போது என் வாயில் முதலில் வரும் விண்ணப்பம். நேற்றுத்தானே பேசினோம், கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். நாம் பேசும்போதெல்லாம் உன் அப்பா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதுக்கு எட்டாமல் உனக்கு ஒன்று சொல்ல எனக்கு வேறு வழியில்லை. படித்துவிட்டு மனத்திலேயே வைத்துக்கொள்.

மாடி வீட்டில் இனி வேண்டாம், நம் காலி மனையில் தரையோடு ஒரு சின்ன வீடு போட்டுக்கொள்ளுங்கள் என்று நீ பிடிவாதம் பிடித்து, தொழிற்சாலையிலேயே வீட்டைச் செய்து இரண்டு துண்டாக லாரியில் கொண்டுவந்து கிரேனால் இறக்கிவைப்பவர்களை ஏற்பாடு செய்தாய் அல்லவா. முதலில் உன் அப்பாவுக்கு அதில் சிரிப்புத்தான். தூணே இல்லாத வீட்டுல உன் சாமி எங்க போய் உட்காருவார் என்று என்னைச் சீண்டினார். சுவருக்குள்ள இரும்புச் சட்டம் வருதாமே, அதுக்குள்ள இருந்துட்டுப் போறார், உங்களுக்கு என்ன வந்தது என்றேன். பிறகு அவர்களிடமிருந்து ஒரு பெண் வந்தாள். வயதில் உன்னைவிடச் சிறியவள், நான் அவளுக்கு அளவுக்காரி என்றே பெயர் வைத்துவிட்டேன். அவள் மனையை அளப்பாள் என்று பார்த்தால் எங்களை அளந்தாள். நான் அடுக்கில் எதுவரை கை நீட்டுவேன், அப்பா நாற்காலியிலிருந்து எப்படி எழுவார், குளியலறைக்கு எப்படி நடப்பார், எல்லாவற்றையும் தினமும் செய்வதுபோலவே செய்து காட்டச் சொன்னாள். யாருக்குச் செய்யும் வீடோ அவர் உடம்புக்குத் தக்கபடிதான் கதவும் படியும் வெட்டுவார்களாம். கேட்கவே மனம் நிறைந்தது.

ஆனால் உன் அப்பா செய்த வேலையைக் கேள். அவருக்குக் கால் தளர்ந்துபோனது உனக்கு முழுதாகத் தெரியாது. தொலைபேசியில் உட்கார்ந்தேதானே பேசுகிறார். பழம்பாடல்களில் தலைவி மெலிந்ததை அவள் கையிலிருந்து கழன்று விழும் வளை சொல்லும். இவர் மெலிந்ததை எனக்கு இவருடைய பெல்ட்டில் நான் ஆணியால் குத்தித்தரும் புதுத் துளைகள் சொல்கின்றன. கைத்தடி இல்லாமல் இப்போது கூடத்தைக் கடக்க மாட்டார். அன்று அளவுக்காரியின் குரல் வாசலில் கேட்டதும் தடியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் என்பது உடம்பை விட்டுப் போகுமா, மார்பை விரித்து, மூச்சைப் பிடித்து, விளையாட்டு விழா அணிவகுப்பில் போவதுபோல் குளியலறைவரை போய்த் திரும்பினார். அவளும் மலர்ந்த முகத்தோடு, சார் நடை சூப்பர், இந்த வயசுல இப்படி யாரும் நடந்து நான் பார்த்ததில்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் படியிறங்கியதும் இவர் சோபாவில் விழுந்தவர் அரைநாள் எழுந்திருக்கவில்லை.

வரைபடம் வந்தது. குளியலறைக்கு ஒடுக்கமான கதவு, தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு தடுப்புப்படி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இல்லாத ஒருவருக்குச் செய்த வீடு அது. பின்னால் ஒரு கம்பி மாட்டிக்கொள்ளலாமே என்று நீ நினைக்கலாம், நானும் நினைத்தேன். ஆனால் குளியலறை டைல்ஸும் குழாயும் பதித்து முழுசாகவே வந்து இறங்குகிறது. கைப்பிடி ஆளின் பாரம் தாங்க வேண்டுமானால் சுவரை மூடுவதற்கு முன்பே உள்ளே பலகை வைத்தாக வேண்டும். அப்பா சரி என்று சொல்லிவிட்டால் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். சாப்பிடும்போது மெல்லப் பேச்செடுத்தேன். நான் என்ன நோயாளியா, நம்ம வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கப் பார்க்கிறியா என்று தட்டை நகர்த்தி வைத்தார். அளவுக்காரியிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஒரு வாழ்நாள் முழுதும் பிள்ளைகளை நிமிர்ந்து நில் என்று சொன்ன மனிதரைப் பிறர் முன் குனியவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவனே, அவர் விழாமலும் இருக்க வேண்டும், தாழாமலும் இருக்க வேண்டும், வழியை நீதான் காட்ட வேண்டும் என்று அவனிடமே விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் தொழிற்சாலைக்கு அழைத்தார்கள். பெரிய கொட்டகை, பசை வாசனை, வரிசையாகப் பாதிப் பாதி வீடுகள். ஒன்றுக்கு முன்சுவரே இல்லை, உள்ளே சமையல் மேடையில் ஒருவர் ஏறி உட்கார்ந்து விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஓரத்தில் நம் வீட்டை அட்டைச் சுவர்களால் உண்மையான அளவிலேயே நிறுத்தியிருந்தார்கள், வெட்டுவதற்கு முன் ஒருமுறை நடந்து பார்ப்பதற்கு. தடியை அப்பா காரிலேயே விட்டுவிட்டார். கூடம் நன்று, படுக்கையறை நன்று என்று கையசைத்துக்கொண்டே குளியலறைக்குள் காலை வைத்தார், வைக்கப் போனார் என்று சொல்ல வேண்டும், படியைத் தாண்டக் கால் எழவில்லை. சுவரைப் பிடித்தார். சுவர் கையோடு வந்துவிட்டது. கொட்டகை நடுவே அட்டைச் சுவரைக் கட்டிக்கொண்டு ஆடாமல் நிற்கிறார் உன் அப்பா. எல்லார் கையும் வேலையை விட்டு நின்றது. என்னய்யா, சுவர் இவ்வளவு தொளதொளன்னு இருக்கு, இப்படித்தான் கட்டிக் குடுப்பீங்களா என்றார். மேற்பார்வையாளர் பாவம், மிகப் பணிவாக, ஐயா, அது அட்டைங்க என்றார். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அவருக்கு.

சிரிப்பு அடங்கியதும் அவர் அளவுக்காரியைப் பக்கத்தில் கூப்பிட்டார். இந்தப் படி வேண்டாம்மா, இவளுக்கு முழங்கால் சரியில்ல, தடுக்கிடுவா, கதவையும் அகலமா வை, கூடத்துலேருந்தே அவ பிடிச்சுக்கக் கம்பியும் போடு, வாயைத் திறந்து சொல்ல மாட்டா, நாமதான் பார்த்துச் செய்யணும் என்றார். என் முழங்கால் இன்றும் காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறும், அது உனக்கே தெரியும். ஆமாம்மா, ரொம்ப நாளா வலிதான் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புரிந்த பிள்ளை. எந்த உயரத்துல வைக்கட்டும்மா என்றாள். எனக்கு எங்கே தெரியும். நான் இவரைப் பிடிச்சுத்தான் நடக்கிறேன், இவர் கை எங்க நிற்குதோ அங்க வைம்மா என்றேன். உன் அப்பா மறுபேச்சில்லாமல் போய் நின்று கையை வைத்தார். இந்தத் தடவை மார்பை விரிக்கவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. இருக்கிற முதுகோடு, இருக்கிற முழங்காலோடு நின்றார். அவள் டேப்பை நீட்டி அளந்துகொண்டாள். அந்த அளவுக்குத்தான் இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டை இறக்கும் நாளுக்கு நீ வருவாய். கூடத்திலிருந்து குளியலறைவரை இருபக்கமும் கம்பியைப் பார்த்ததும் உன் கண் அவர் காலுக்குப் போகக் கூடாது. என்னைத்தான் திட்ட வேண்டும், கம்பியைப் பிடிக்காம என்னம்மா நடக்கிறே என்று அவர் கேட்கும்படி உரக்கச் சொல். இப்போதே படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவா வா, உனக்கு முடியாது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக நின்று இளைப்பாறுகிறார். நானும் அவர் எதிரில் கொஞ்சம் நொண்டிக்கொள்கிறேன். அன்றொரு நாள் வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நேத்து இடது காலாச்சே என்றார். கையைச் சட்டென்று இடது காலுக்கு மாற்றினேன். அவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே, பரவாயில்ல, கம்பி ரெண்டு பக்கமும்தான் வருது என்றார்.

குழந்தைக்குக் குளிரில் காதை மூடு. மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்வரை நீ பட்டினி கிடக்காதே. எங்கும் நிறைந்தவன் உன் வாசலிலும் நிறைந்து, உன் வீட்டில் நடப்பவர் கால்களைத் தடுக்கவிடாமல், தாங்குபவர் கைகளைத் தளரவிடாமல் காத்தருளட்டும். நீங்கள் மூவரும் நீடூழி வாழ்க. ஒன்றை மட்டும் மறவாதே, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முதலில் என் முழங்காலை விசாரி. இடது முழங்கால்.

என்றும் உன் நலமே வேண்டும்
அம்மா