கதாநாயகன் விழ வேண்டும்

மார்ச் 4

மதிப்பிற்குரிய கதாசிரியர் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் ஏழு மணித் தொடரை ஆறு வருஷமாக விடாமல் பார்க்கிற வீட்டிலிருந்து எழுதுகிறேன். கதாநாயகிக்கு மூன்று முறை நினைவு தப்பியது, பொறுத்தேன். எரிந்துபோன வில்லி வேறு முகத்தோடு வந்தாள், அதையும் பொறுத்தேன். போன வெள்ளிக்கிழமை, இரண்டு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்த கதாநாயகன், மனைவி அழுததும் எழுந்து மாடிப்படியில் ஓடினானே! காதில் பூச்சுற்ற ஓர் அளவில்லையா?

என் கணவர் லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு பதினோரு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். தினமும் கம்பியைப் பிடித்து நிற்கப் பழக்கச் சொன்னார் டாக்டர். நான் கடைக்குப் போனபின் அது மாமியார் பொறுப்பு. வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டார். "பிள்ளைய ஏன் வதைக்கணும்? நேரம் வந்தா தானா எந்திரிப்பான், டிவில பாக்கலையா?" என்கிறார். இப்படியே விட்டால் கால் இறுகிவிடுமாம். தயவுசெய்து கதாநாயகனை ஒரு தடவையாவது விழ வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி

மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

படித்து வெட்கப்பட்டேன். படப்பிடிப்புக்கு அந்த மாடி வீடு ஒரு நாள்தான் கிடைத்தது. அதனால் அன்றைக்கே ஓடிவிட்டான். சொல்லுங்கள்: நிற்கும்போது முதலில் எது நடுங்கும்? எந்தப் பக்கம் விழுவார்? விழுந்தால் அழுவாரா, திட்டுவாரா?

அன்புடன்,
கதாசிரியர்

மார்ச் 17

அக்காவுக்கு,

பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. முதலில் முழங்கால், அப்புறம் உதடு. சாய்வது இடது பக்கம். அழமாட்டார். "போதும்டி, ஆளை விடு" என்பார். எனக்கும் ஒரு சந்தேகம். நீங்கள் எழுதுவதை நீங்களே நம்புவீர்களா?

தையல்காரி

மார்ச் 29

தங்கைக்கு,

நம்பமாட்டேன். ஆனால் நம்புகிற வீட்டில் என்ன நடக்கிறது என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை. ஓடியவனுக்கு நரம்பு பிசகிவிட்டதாக ஒரு டாக்டரைச் சொல்ல வைத்திருக்கிறேன். அதுவும் புளுகுதான், மன்னிக்க வேண்டும். "கதாநாயகன் தரையில கெடந்தா எவன் பாப்பான்?" என்று குதித்தார் தயாரிப்பாளர். திங்கள் முதல் வேறொருவர் எழுதுகிறார். அவன் விழுகிற வியாழக்கிழமைப் பகுதி மட்டும், முன்பே படமாக்கிவிட்டதால், தப்பிவிட்டது. மாமியாரைப் பார்க்க வையுங்கள்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

உங்கள் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனே! மனசு ஆறவில்லை.

வியாழன் அன்று அவன் விழுந்தான், இடது பக்கமாக. மாமியார், "எழுதினவ நாசமாப் போக!" என்று சபித்தார். கோபிக்காதீர்கள். மறுபடி எழுந்தான், மறுபடி விழுந்தான். மூன்றாம் தடவை திரும்பிப் பார்க்கிறேன், மாமியார் டிவி முன்னால் இல்லை. பிள்ளையின் கட்டிலருகே நின்று, "எந்திரிடா. விழுந்தா என் மேல விழு" என்றார்.

என் கணவர் விழத்தான் விழுந்தார். மாமியாருக்கு இடுப்பில் அடி. இரண்டு பேருக்கும் நான்தான் தைலம் தேய்த்தேன்.

இன்று காலை நான் கடைக்குக் கிளம்பும்போது தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய சண்டை. அவர் அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினார். நின்றுகொண்டே திட்டினார் அக்கா. கேட்டுக்கொண்டே வாசலில் இருந்துவிட்டேன், கடை திறக்க நேரமாகிவிட்டது.

உங்கள் தங்கை