பழைய பெஞ்சு அறை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். எப்போதோ எழுதியிருக்க வேண்டும். சபைத் தலைவருக்குச் செயலாளராக இருக்கிற சாமியாருக்கு ஊருக்கெல்லாம் கடிதம் எழுத நேரம் இருக்கிறது, வீட்டுக்கு எழுதத்தான் நேரம் கிடைப்பதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஒரு முக்கியமான செய்தி. கடல் தாண்டி எங்கள் சேசு சபையைச் சேர்ந்த மூன்று குருக்கள் கிராமப் பள்ளிகளைப் பார்வையிட வருகிறார்கள். இருபத்திரண்டாம் தேதி உங்கள் பள்ளி. நானும் கூட வருகிறேன். அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும், பிறகு அறிக்கை எழுதுவதும் நான்தான். உன்னிடம் மறைப்பானேன், இது சும்மா சுற்றிப் பார்க்கிற வருகை இல்லை. ஆற்றுக்கு உங்கள் கரையில் சபைக்கு மூன்று பள்ளிகள் இருக்கின்றன. மூன்றிலும் ஒன்பது, பத்தாம் வகுப்பு நடத்தக் கட்டுப்படியாகவில்லை. ஒன்றில் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டில் மூடிவிடுவதாக முடிவு. எந்தப் பள்ளி என்பதை இவர்கள் வந்து பார்த்துச் சொல்வார்கள்.

அது உங்கள் பள்ளியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நீயும் நானும் படித்த இடம். வருகிறவர்களில் மூத்தவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். கசங்கிய சட்டையைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். ஆகையால் சீருடை இல்லாத பிள்ளைகள் யாரும் அன்றைக்கு அவர் கண்ணில் படவேண்டாம். தலைமையாசிரியரிடம் சொன்னால் சுற்றறிக்கை விட்டு ஊரைக் கூட்டிவிடுவார். நீயே பார்த்துச் செய். இது நமக்குள் இருக்கட்டும்.

அம்மாவிடம் நான் அடிக்கடி அவளை நினைத்துக்கொள்வதாகச் சொல்.

பாசமுள்ள
தம்பி


ஜூன் 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

உயிரோடு இருக்கிறோம். ஏழு மாதம் கழித்து உன் உறையைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று நின்றபடியே பிரித்தேன். அம்மாவுக்கு எழுத்துதான் தெரியாது என்றிருந்தது, இப்போது கண்ணும் தெரிவதில்லை. உன் கடிதத்தில் அவளுக்கு வாசித்துக்காட்ட இருந்தது கடைசி ஒரு வரிதான். அதையே மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். “பாவம், புள்ளைக்குத் தலைக்கு மேல வேலை” என்றாள். பாவமாம்!

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதும் பத்தும் சேர்த்து என்னிடம் அறுபத்திரண்டு பேர். அதில் நாற்பத்தைந்து பெண் பிள்ளைகள். இங்கே மூடினால் இரண்டு பஸ் மாறி அவர்களை யார் அனுப்பப் போகிறார்கள்? எட்டாம் வகுப்போடு சரி. செங்கல் சூளை, இல்லாவிட்டால் கல்யாணம். இது உனக்கு ஒரு அறிக்கை. எனக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்கிற பிள்ளைகள்.

சீருடையைப் பற்றி எழுதியிருக்கிறாய். எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? எல்லாப் பள்ளிக்கும் ஒரே நிறம் என்று நீலத்தைச் சாம்பல் ஆக்கியது உங்கள் தலைமை இல்லம். துணி அனுப்புகிறோம் என்றதும் நீங்கள்தான். இருபத்துநாலு பேருக்கு வந்தது. முப்பத்தெட்டுப் பேருக்கு இன்னும் வரவில்லை. துணி வருகிறது என்று போன வருஷம் வந்த கடிதத்தில் கையெழுத்து யாருடையது? உன்னுடையது. பழைய நீலத்தைப் போட்டு வந்தால் ஒழுங்கு கெட்டதுகள், சாம்பலைக் கொடுக்கவும் மாட்டீர்கள். நல்லா இருக்கு நியாயம்!

பத்தாம் வகுப்பில் ஒருத்தியைப் பட்டாசு என்று கூப்பிடுகிறோம். வாய் அப்படி. அவளுக்கும் சாம்பல் சட்டை கிடையாது. நேற்றுக் கேட்டாள்: “டீச்சர், துணி குடுக்காதவங்களா வந்து துணியப் பாக்கப் போறாங்க?” “வாயை மூடுடி” என்றேன்.

நீ சொன்னபடி செய்கிறேன். வீட்டுக்கு அனுப்பமாட்டேன். அனுப்பினால் அத்தனையும் தெருவில் நின்று வேடிக்கை பார்க்கும், உன் பெரியவரின் காரை மறித்துக் கை கொடுக்கும். இந்தப் பள்ளியில் இப்படிப்பட்ட நாளில் பிள்ளைகளை எங்கே வைப்பது வழக்கம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு வயிறு எரிகிறது, இருந்தாலும் செய்கிறேன். மேல் வகுப்பு தங்கினால் போதும்.

இப்படிக்கு
அக்கா


ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தவர்களுக்குப் பரம திருப்தி. வராந்தாத் தரையில் முகம் பார்க்கலாம் என்றார்கள். பிள்ளைகள் அவர்கள் மொழியிலேயே வரவேற்புப் பாட்டுப் பாடியதை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மொழியை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் அக்கா என்று பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். “எங்கே, கூப்பிடு” என்றார். தேடினேன், தேடினேன், உன்னைக் காணோம். எனக்கு முகத்தில் அசடு வழிந்தது.

என்ன கோபம் உனக்கு? அம்மாகூட முன்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவளோடு சரியாகப் பேச முடியவில்லை, நாற்பதே நிமிஷத்தில் அடுத்த பள்ளிக்குக் கிளம்பவேண்டி வந்தது. நீ மட்டும் அப்படி எங்கே போய்விட்டாய்? உடன்பிறந்தவன் வருகிற நாளில் ஒரு வாய்த் தேநீர் சேர்ந்து குடிக்கக்கூடாதா? மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

அறிக்கை அனுப்பியாயிற்று. நல்லதே நடக்கும்.

பாசமுள்ள
தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

நடந்துவிட்டது உன் நல்லது. ஆகஸ்டு மாதக் கடைசியோடு ஒன்பதும் பத்தும் மூடவேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. கூடவே உன் அறிக்கையின் நகல். “பதிவேட்டில் அறுபத்திரண்டு மாணவர். நேரில் இருபத்துநால்வர். பெஞ்சுகள் பெரும்பாலும் காலி. எண்ணிக்கை கூட்டி எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது.”

கூட்டி எழுதப்பட்டிருக்கிறதாம்! அந்தப் பதிவேட்டை எழுதுகிறவள் யார்? இருபத்தொரு வருஷமாக நான். தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் இதை வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “டீச்சர், உங்க தம்பி கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. அவரிடம் நான் என்ன சொல்வேன்? பிள்ளைகளை ஒளித்துவைக்கச் சொன்னவனும் இந்த முத்தான கையெழுத்துக்காரன்தான் என்றா?

செய்தி தெரிந்ததும் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். மூட்டை கட்டுகிற வகுப்புக்கு எதற்குப் போவது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். ஏழு பேர் சூளைக்கு. ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு, பதினாலு முடியவில்லை. பட்டாசு, கடைத்தெருவில் துணி தேய்க்கிற கடையில் நிற்கிறாள். போய்ப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டிக் கரியின் சூட்டில் முகமெல்லாம் சிவந்திருந்தது. “சாம்பல் கலர்ச் சட்டை எனக்கும் கெடைச்சிருச்சு டீச்சர், பாருங்க” என்று ஒரு அடுக்கைக் காட்டினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் சீருடை, தேய்க்க வந்தது. சிரித்துக்கொண்டேதான் காட்டினாள். வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நீ எனக்கு ஒன்றும் செய்யவேண்டாம். பெரியவருக்கு ஒரே ஒரு வரி எழுது: “சீருடை இல்லாத முப்பத்தெட்டுப் பேரை அன்றைக்கு மறைக்கச் சொன்னது நான்தான்.” அவ்வளவுதான். வந்து எண்ணிப் பார்க்கட்டும். போனவர்களை நான் வீடு வீடாகப் போய்க் காலைப் பிடித்தாவது கூட்டிவருகிறேன்.

அக்கா


ஆகஸ்டு 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் என்னைப் புண்படுத்தியது. அதை மனதில் வைக்காமல் எழுதுகிறேன்.

நான் கண்டதைத்தான் எழுதினேன். தலையை எண்ணியவர் பெரியவர். அந்தச் சந்தேகமும் அவர் வாயிலிருந்து வந்தது, என் கை எழுதியது. “மீதிப் பேர் எங்கே?” என்று அவர் கேட்டபோது நான் என்ன சொல்வது? எல்லோரையும் நீ வீட்டுக்கு அனுப்பியிருப்பாய் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கண்ணால் பார்க்காததை அறிக்கையில் எழுதுவது முறையில்லை.

நீ கேட்கிற அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. கொஞ்சம் என் பக்கத்திலிருந்தும் யோசித்துப் பார். அடுத்த மாதம் என்னைக் குருமடத்துக்கு அதிபராக்கப் போகிறார்கள். வருகிறவர்களுக்கு வேஷம் கட்டிக் காட்டினேன் என்று நானே எழுதினால் அதோடு என் கதை முடிந்தது. மேலும் நான் கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்தவன். மேலிடத்து முடிவை நான் கிளறக்கூடாது. நீ உலகத்துப் பிள்ளைகளை எல்லாம் உன் தலையில் தூக்கிவைத்துக்கொள்கிறாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தக் குணம் உண்டு.

துணி சீக்கிரம் வந்து சேரும், நானே கவனிக்கிறேன். என் ஜூன் மாதக் கடிதம் இருந்தால் கிழித்துவிடு. வேறு யார் கையிலாவது கிடைத்தால் தப்பாக அர்த்தம் பண்ணுவார்கள்.

பாசமுள்ள
தம்பி


ஆகஸ்டு 16

வணக்கத்துக்குரிய ஃபாதர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். தங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இந்த மரியாதை எனக்கு நாலு வரிக்கு மேல் வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

அன்றைக்கு எங்கே போனாய் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருந்தேன், முப்பத்தெட்டுப் பேரோடு. அவர்களைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா? உள்தாழ்ப்பாள் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம். சுண்ணாம்புத் தூசு. பட்டாசுக்கு இருமல் வந்தது. சட்டைக் கையை வாயில் வைத்துப் பார்த்தாள், அடங்கவில்லை. அப்போதுதான் நீங்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றீர்கள்.

“உள்ளே யாரோ இருமுகிறார்களே?” என்று கேட்டது உன் பெரியவர்.

“யாரும் இல்லை. பழைய பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் அறை” என்றது நீ. அவர் நகரவில்லை. “எலியாக இருக்கும்” என்றும் சொன்னாய்.

அவர் மொழியில்தான் சொன்னாய். அந்த மொழியைக் கற்றுக்கொடுப்பது யார் என்று உனக்கு மறந்துபோய்விட்டது. உள்ளே இருந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. பட்டாசு என் காதில் சொன்னாள்: “டீச்சர், நம்மளத்தான் எலிங்கறாரு.” அப்புறம் மறுபடியும் இருமல். நான் அவள் வாயைப் பொத்தினேன். இந்தக் கையால்தான், இப்போது எழுதுகிற இதே கையால் பொத்தினேன். நான் ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். தம்பி பொய்யன் என்று ஆகிவிடுமே, மேல் வகுப்பு போய்விடுமே என்று வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். என் பங்குப் பாவத்தை நான் பூசி மெழுகவில்லை.

உனக்கு அப்போது ஏழு வயது. எனக்குப் பன்னிரண்டு. அம்மா இந்த மிஷனுக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இதே மாதிரி ஒரு வருகை நாள். கிழிந்த சட்டை போட்டிருந்த பதினோரு பிள்ளைகளை இதே அறையில் வைத்துப் பூட்டினார்கள். அதில் நீ ஒருத்தன். நான் வெளியே நல்ல பாவாடை கட்டி வரவேற்புப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். உனக்கும் இருமல்தான். வந்திருந்த ஒல்லிச் சாமியார் நின்றார், என்னவென்று கேட்டார். “பழைய பெஞ்சு போட்டு வைக்கிற ரூம் ஃபாதர்” என்றார் அப்போதைய தலைமையாசிரியர். அந்த மனுஷன் சாவிக்குக் கையை நீட்டினார். கதவைத் திறந்து, முன்னால் நின்ற உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மூக்கு ஒழுக நீ அவர் வெள்ளை அங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் உன் புத்தகம், உன் செருப்பு, உன் குருமடம் எல்லாம் அந்தக் கதவிலிருந்து வந்தவை.

அதே வார்த்தையை எங்கிருந்து எடுத்தாய்? முப்பத்தாறு வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்தாயா?

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, உன் குரல் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. நம் பிள்ளை திறந்துவிடுவான் என்று நினைத்தேன். உனக்குச் சாவிகூட வேண்டியிருக்கவில்லை, தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது. கதவில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும்.

உன் ஜூன் 3 கடிதத்தை நான் கிழிக்கவில்லை. இன்று காலை பதிவுத் தபாலில் பெரியவருக்கு அனுப்பிவிட்டேன். அறுபத்திரண்டு பிள்ளைகளின் கையெழுத்தும், அந்த அறையில் நடந்ததை நான் எழுதிய நாலு பக்கமும் கூட இருக்கின்றன. இஸ்திரிப் பெட்டிக் கரி படிந்த கையெழுத்து பட்டாசுடையது. என் வேலை போகும் என்று தெரியும், போகட்டும். அவர் மறுபடி வருவாரா மாட்டாரா என்று தெரியாது. வந்தால் அந்தக் கதவை நானே திறந்துவைப்பேன்.

இனி எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு எழுது, எழுதாமல் இருந்துவிடாதே, அவள் தபால்காரரின் மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் உன் கடிதங்களை இனி நான் அவளுக்கு வாசித்துக்காட்டப் போவதில்லை. பட்டாசை வரச் சொல்லியிருக்கிறேன். கடை முடிந்து மாலையில் வந்து வாசித்துக்காட்டுவாள். நன்றாக வாசிப்பாள். அவள் வாயால் வாசிக்கிற மாதிரி எழுது.

இப்படிக்கு
பள்ளி ஆசிரியை