ஏழாவது டப்பா

அலமாரியை ஒதுக்கும்போது டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அடித்த ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. ‘வாரம் 7’, அதன் கீழே உன் பெயர். மை வெளிறிவிட்டது. நீ இறந்துபோய் நான்கு மாதமாகிறது. இப்போதும் இதைப் பார்த்தால் உன்னிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது.

கிழக்கேகோட்டையில் அந்தச் சின்ன கம்ப்யூட்டர் ஆபீசில் நாம் ஏழு பெண்கள். சனிக்கிழமை மதியமே கிளம்ப வாரம் ஒருத்திக்கு அனுமதி. அப்படிக் கிளம்பினால்தான் உனக்கு போனக்காடு பஸ் கிடைக்கும், எஸ்டேட் லயத்து வீட்டில் அம்மாவோடு ஓர் இரவு தங்கலாம். முறை சொல்லும் ஃபாக்ஸ்ப்ரோ நிரலை எழுதியது நான். வார எண்ணை ஏழால் வகுத்து, மீதி எதுவோ அந்த இடத்துப் பெயர். பட்டியலில் முதலில் நான். கடைசியாகச் சேர்ந்த நீ ஏழாவது.

ஏழாவது வெள்ளிக்கிழமை நிரல் பிழை காட்டி நின்றது. மீதி பூஜ்யம், அந்த மொழியிலோ வரிசை ஒன்றில்தான் தொடங்கும். மேனேஜர் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். பூஜ்யம் வந்தால் ஒன்று என்று வைத்துக்கொள் என ஒரு வரி சேர்த்தேன். என் பெயர் வந்தது. யாருக்கு இன்னும் முறை வரவில்லை என்று யோசிக்காமல், மறுநாள் சந்தோஷமாகக் கிளம்பிப் போனேன்.

அடுத்த வெள்ளியும் என் பெயரே. மதியச் சாப்பாட்டின்போது, மலையாளம் கலந்த உன் தமிழில் மெதுவாகக் கேட்டாய்: “அக்கா, உங்க பேரு ரெண்டு தடவை வருதல்லே?”

அப்புறம்தான் தெரிந்தது. நீ வாரங்களை எண்ணி, ஏழாவது வாரம் வருகிறேன் என்று முன்பே ஊருக்கு எழுதியிருந்தாய். அம்மா கடைசி பஸ் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

போன வாரமே ஏன் கேட்கவில்லை என்றேன்.

“புதுசா வந்தவளுக்குக் கிடையாதுன்னு மெஷினுக்குத் தெரியும் போலன்னு நினைச்சேன். சாரமில்ல அக்கா, பரவால்ல, போட்டும்.”

ஏழை ஏழால் வகுத்தால் மீதி பூஜ்யம் வந்து நின்றதை உனக்குச் சொன்னேன். உனக்கோ அதற்குள் வேறு யோசனை. ஏழு பேரின் டிபன் டப்பாக்களையும் வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு மூடியாகத் தட்டிக்கொண்டு போனாய். ஏழில் நின்றாய். பூஜ்யத்துக்கு இங்கே டப்பா ஏது என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய். மறுபடி ஒரு சுற்று. மீன்குழம்பு டப்பாவைத் தொட்டதற்குச் சத்தம் போட்டார்கள், உன் காதில் விழவில்லை.

“ஒண்ணைக் கழிச்சிட்டு வகுத்தா? மீதி வந்தப்புறம் அந்த ஒண்ணைத் திருப்பிக் குடுத்திடலாமே.”

ஏழில் ஒன்று போனால் ஆறு. மீதி ஆறு, ஒன்று கூட்ட ஏழு. எட்டு திரும்பவும் முதல் டப்பா. சாப்பிட்ட கையைக் கழுவாமலே ஓடிப்போய் எழுதிப் பார்த்தோம். சோதிக்க ஏழு என்று தட்டினேன். இந்தச் சீட்டு வந்தது. “வந்தல்லோ” என்றாய், அவ்வளவுதான். மறுநாள் என் சனிக்கிழமையில் நீ பஸ் ஏறினாய்.

பிழையைத் தேடி அத்தனை சுற்று வந்தவள், அதற்கு முந்தைய வாரம் மட்டும் எப்படி மெஷினை நம்பினாய்? கேட்காமலே விட்டுவிட்டேன்.

இப்போது என் ஆபீசில் எழுதும் மொழியில் வரிசைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. ஆனாலும் எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும், கடைசிப் பெயருக்கு முறை வருகிறதா என்றுதான் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன்.