பொருத்தனை என்னுடையது

பேரணாம்பட்டு
3.7.2024

என் தங்க மகள் மெர்சிக்கு,

அப்பாவே எழுதுகிறேன். பார், யாரும் கை பிடிக்கவில்லை! தோல் பதனிடும் டேனரியில் டிரம் சத்தம் என் காதைத் தின்றுவிட்டது. போனில் நீ பேசுவது கேட்பதில்லை. எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்ததே உனக்கு எழுதத்தான். இதற்கே ஒரு பகல் ஆகிவிட்டது. "சோறு ஆறுது, மவராசா" என்று உன் அம்மா தட்டைத் தட்டிக் காட்டுகிறாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாய். பிள்ளையைத் தோளில் சுமந்து வேளாங்கண்ணிக்கு நடப்பதாகப் பொருத்தனை செய்துவிட்டேன். கோயிலில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன்.

இரண்டு வரியாவது எழுது.

சந்தோஷத்துடன்,
அப்பா துரைசாமி

ஆம்பூர்
12.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஷூ கம்பெனிக்குப் போய்ப் பத்து நாளாகிறது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறதாம். பிள்ளை வளர வளர என் இதயம் தாங்காது, கலைத்தால்தான் நான் பிழைப்பேன் என்கிறார் டாக்டரம்மா. நான்காம் மாதம் முடியப்போகிறது. "உன் உசுரு, நீயே சொல்லு" என்று உங்கள் மருமகன் அழுகிறார்.

கையெழுத்து நான்தான் போட வேண்டும். பேனாவை எடுத்தால் உங்கள் பொருத்தனை நினைவுக்கு வருகிறது. நான் போடவில்லை அப்பா.

மெர்சி

பேரணாம்பட்டு
15.7.2024

மகளே,

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி அம்மாவுக்கு வாசித்தேன். செவிடன் வாசித்தால் தெருவுக்கே கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துவிடு. சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு வந்துவிட்டார்கள். "அதுவும் ஒரு உசுருதானே, தொரை" என்றார் ஜெபக்கூட்டத்து டேனியல். என்னோடு டேனரியில் வேலை செய்த அமீர் பாஷா காதருகே வந்து கத்தினான்: "பொருத்தனை நீ பண்ண. உசுரை அவ குடுக்கணுமா? இன்னா நாயம்யா இது?"

டேனியல் சொன்னது பொய் இல்லை. அதுவும் உயிர்தான். பேரப்பிள்ளைக்கு ஏங்கினேன், இப்போதும் ஏங்குகிறேன். ஆனால் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. உன் முகத்தை முப்பத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

பொருத்தனை என்னுடையது. மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். முடிவு உன்னுடையது. எனக்காக மட்டும் சாகாதே, கண்ணு.

அப்பா

பேரணாம்பட்டு
9.8.2024

மெர்சிக்கு,

நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய், எல்லாம் முடிந்து பிழைத்துக்கொண்டாய் என்று மாப்பிள்ளை அம்மாவிடம் போனில் சொன்னார். எங்களை இப்போது வரவேண்டாம் என்றாயாம். சரி, வரவில்லை.

தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரித்துவிட்டுப் போகிறார். எழுத மனம் வராவிட்டால் வெறும் தாளை மடித்து அனுப்பு. உன் கை பட்டிருந்தால் போதும். அதையும் படித்துக்கொள்வேன்.

அப்பா

ஆம்பூர்
20.8.2024

அப்பா,

வெறும் தாள் அனுப்பத்தான் எடுத்தேன்.

நேற்று துவைத்த ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். பாதியில் ஒருமுறைதான் நின்றேன். மேலே போனதும் மூச்சு தாராளமாக வந்தது. அது வந்த பிறகுதான் அழ முடிந்தது. அழுது முடித்துத் துண்டைக் காயப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

உங்கள் மெர்சி