சுவரில் ஒட்டியிருக்கும் தாள்களைப் பற்றி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், இரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, முழங்கால்தான் படி ஏறும்போது கொஞ்சம் முணுமுணுக்கிறது. நீயும் மருமகளும் அங்கே நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்கு எது வந்தாலும் காதில்தான் முதலில் வரும். குளியலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது, பிளம்பர் மூன்று நாள் டிமிக்கி கொடுத்துவிட்டு நான்காம் நாள் வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார். போனிலேயே இதையெல்லாம் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ சரிம்மா, சரிம்மா என்று மூடிவிடுகிறாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

போன மாதம் நீ ஏற்பாடு செய்தாயே அந்த டாக்டரிடம் போனேன். வயதானால் வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது நல்லது என்று நீ சொன்னதை நம்பித்தான் போனேன். அவர் இன்று என்ன கிழமை என்று கேட்டார், மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எல்லாம் செய்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். மருந்துக்கடையில் முப்பத்திரண்டு வருடம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துச் சம்பளம் வாங்கியவள் நான், தலைகீழாக இருந்தால் மட்டும் படிக்கத் தெரியாதா? வீட்டுச் சுவர் முழுவதும் அர்த்தமில்லாத எழுத்துகள் ஒட்டியிருப்பதாக மகன் சொல்கிறார், முகம் தெரியாதவர்களுடன் பேசுகிறாராம், அடுப்பில் பாத்திரம் கருகியதாம். இதுதான் எழுதியிருந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன், அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நீ நினைத்ததற்காக அழவில்லை, அந்தத் தாள்கள் என்னவென்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்கத் தோன்றவில்லையே, அதற்குத்தான்.

இப்போது நானே சொல்கிறேன், முழுவதும் படி. அவை சங்கேத எழுத்துப் புதிர்கள். ஒருவர் ரகசியமாக எழுதிவைத்ததை இன்னொருவர் உடைத்துப் படிப்பது. இதற்கென்றே இணையத்தில் ஒரு குழு இருக்கிறது, நாற்பது பேருக்குமேல் இருக்கிறோம், யாருடைய சொந்தப் பெயரும் யாருக்கும் தெரியாது, என் பெயர் அங்கே மாத்திரை. குழுவைத் தொடங்கியவர் பெயர் முள்ளம்பன்றி, பகலில் பஸ் ஓட்டுகிறவர். அங்கே ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு, விடையை யாரும் நேராகச் சொல்லக்கூடாது, முதலில் அவரவர் செய்த தப்பைப் போட வேண்டும். இந்த வழியில் போனேன், இந்த இடத்தில் முட்டிக்கொண்டேன் என்று எழுதினால் நான்கு பேர் நன்றி சொல்வார்கள், ஏனென்றால் அந்த வழியில் இனி யாரும் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் பார். இங்கே நான் ஒரே ஒரு பாத்திரத்தைக் கருகவிட்டேன், ஆமாம், கருகவிட்டேன்தான், புதிரில் மூழ்கியிருந்தேன், அதை நீயும் உன் மனைவியும் சாட்சியாகத் தூக்கிக்கொண்டு டாக்டர்வரை போய்விட்டீர்கள்.

ஆறு மாதமாக எங்களை ஆட்டிவைத்தது ஒரே ஒரு பக்கம். யாரோ பழைய மேசை ஒன்றை வாங்கி, அதன் இழுப்பறைக்குப் பின்னால் சிக்கியிருந்த காகிதத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். வட்டம், கொக்கி, புள்ளி என்று ஒரே குறிகள். முள்ளம்பன்றி பொறுமையாக உட்கார்ந்து அதை அழகாகப் படியெடுத்துக் கொடுத்தார், மொத்தம் இருபத்து மூன்று வெவ்வேறு குறிகள் என்று எண்ணியும் வைத்தார். எல்லாரும் அந்தப் படியை வைத்துக்கொண்டே மண்டையை உடைத்துக்கொண்டோம். எந்தக் குறி அதிகம் வருகிறது, எது எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பட்டியல் போட்டோம், கணக்கு வாத்தியார் ஒருவர் கம்ப்யூட்டரில் ஓட்டியும் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பட்டியல்கள்தான் என்னோடு வீடியோவில் பேசும்போது நீ சுவரில் பார்த்த தாள்கள். ஒருநாள் எனக்கு உறைத்தது, கடையில் நான் எந்த நாளும் அடுத்தவர் எழுதிய படியைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்ததில்லை, டாக்டர் கைப்பட எழுதிய சீட்டு வரட்டும் என்றுதான் நிற்பேன், இங்கே மட்டும் ஏன் படியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் வைத்த வட்டம் என்று ஒரே குறியாக எண்ணியிருந்தது உண்மையில் இரண்டு குறி. ஒன்றில் பேனாவை எடுக்காமலே வாலை இழுத்திருக்கிறார்கள், இன்னொன்றில் வட்டத்தை முடித்துப் பேனாவை எடுத்து மறுபடி வைத்து இழுத்திருக்கிறார்கள், மை திட்டாக நிற்கிறது. இருபத்து நான்கு. இதைப் போட்டதும் முதலில் ஒருவரும் நம்பவில்லை. மறுநாள் மத்தியானம் முள்ளம்பன்றியே வந்து, தப்பு என்னுடையது, மாத்திரை சொன்னதுதான் சரி என்று எல்லாருக்கும் முன்னால் எழுதினார். அதற்கப்புறம் நான்கே நாளில் பக்கம் முழுவதும் திறந்துகொண்டது. உள்ளே என்ன இருந்தது தெரியுமா, ஒரு பெண் தன் அக்காவுக்கு எழுதியிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போன ஏணியைத் திருப்பித் தரவில்லையாம், ஆளைப் பிடித்து வண்டிவண்டியாகத் திட்டியிருக்கிறாள். இதற்குத்தானா இவ்வளவு ரகசியம் என்று நாற்பது பேரும் விழுந்துவிழுந்து சிரித்தோம். நீ பிறந்த அன்றைக்கு அப்புறம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான், இதைப் படித்து நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை.

எனக்கு மறதி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் உனக்கே எழுதிவிட்டார். அப்படியும் உன்னிடமிருந்து தபாலில் ஒரு தாள் வந்தது. வீட்டை விற்கவும், எனக்குப் பதிலாக எல்லா முடிவையும் எடுக்கவும் உனக்கு உரிமை கொடுக்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். முன்னேற்பாடுதான், பயப்படாதே என்றாய். உன் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் நீ செய்தது பிசகு. வீட்டை விற்றுவிட்டு அங்கே உங்களோடு வந்து இருக்கச் சொல்கிறாய், நான் வரமாட்டேன். இந்த வீட்டில் எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும், காலை பத்து மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது, என் பதிலுக்காகக் காத்திருக்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு முடியாமல் போகும் நாள் வந்தால் நானே உன்னைக் கூப்பிடுவேன், கூப்பிட வாய் இருக்கிறது. அடுத்த தடவை என்மேல் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்காதே, என்னைக் கேள்.

லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மருமகளுக்கு என் ஆசிகள், அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல். வரும்போது உன்னிடம் இருக்கும் வீட்டுச் சாவியை மறக்காமல் எடுத்து வா, புதுப் பக்கம் ஒன்று வந்திருக்கிறது, மணி அடித்தால் நான் உடனே எழுந்து வருவேன் என்று எதிர்பார்க்காதே.

உன் தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், அதில் ஒன்றும் எழுதவில்லை. என் கையெழுத்துதானே உனக்கு வேண்டும், இந்தா, இங்கே போடுகிறேன்.

இப்படிக்கு,
முழு நினைவோடு,
உன் அம்மா