ஒன்று போதும் என்ற பெட்டி

பிப்ரவரி 9

சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்பு கட்டிங் மெஷினின் கத்தி இறங்கிவிட்டது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினால்தான் அது இறங்க வேண்டும். அக்காவின் வலது கை மட்டும்தான் பொத்தான் மேல் இருந்தது. இடது கையால் அட்டைக் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மயிரிழையில் தப்பினாள்.

“ஏதோ ஞாபகத்துல ரெண்டையும் அமுக்கியிருப்பேன், விடு” என்கிறாள். அமுக்கியிருந்தால் இடது கை எப்படி அட்டை மேல் இருக்கும்? கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெஷின்களைப் பராமரிப்பது என் வேலை. இந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான். வந்த கையோடு தங்கச்சி வேலையை நிறுத்தினாள் என்று பெயர் வந்துவிடும் என்று பயப்படுகிறாளோ?

பிப்ரவரி 10

மெஷினோடு வந்த சர்க்யூட் படத்தை எடுத்துப் பார்த்தேன். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நான் படித்தபோது, உள்ளே வரும் சிக்னல்களைப் பார்த்து முடிவு சொல்லும் ஒவ்வொரு ‘லாஜிக் கேட்’டுக்கும் ஒரு உருவம் இருந்தது. ஒன்று பாதி நிலா மாதிரி, ஒன்று மீன் மாதிரி. பார்த்ததுமே இன்னது என்று சொல்லிவிடலாம். இதில் எல்லாமே சதுரப் பெட்டி. ஒரு பெட்டிக்குள் &, ஒன்றில் =1, ஒன்றில் ≥1. பக்கத்தில் எழுதியிருப்பது எந்த ஊர் மொழியோ.

& எனக்குத் தெரிந்ததுதான். அதுவும் இதுவும் சேர்ந்தால் என்று அர்த்தம். மற்ற இரண்டும்?

பிப்ரவரி 11

பிடிபட்டது. ≥1 என்றால் உள்ளே வருவதில் குறைந்தது ஒன்று இருந்தால் போதும். நான் படித்த மீன்தான், சதுரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. =1 என்றால் ஒன்றே ஒன்று மட்டும் இருக்க வேண்டும்.

ஆனால் இரண்டு பொத்தானின் கம்பியும் போய்ச் சேருவது ≥1 பெட்டியில். & பெட்டியில் அல்ல. அப்படியானால் ஒரு பொத்தானே போதும் என்றுதானே இந்த மெஷினைச் செய்திருக்கிறார்கள்?

மேனேஜரிடம் அதையே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ பழுது ஒண்ணும் இல்லைல்ல? கொஞ்சம் பாத்து வேலை செய்யச் சொல்லுங்க, போதும்.” நான் எச்சரிக்கத்தான் போனேன். அவர் காதில் அது அனுமதியாக விழுந்தது.

பிப்ரவரி 12

அக்கா இன்று ஒரு கையாலேயே வெட்டிப் பார்த்தாளாம். சிலசமயம் கத்தி இறங்குகிறதாம், சிலசமயம் இறங்கவில்லையாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்படித்தான் செய்யப்பட்ட மெஷின் என்றால் எப்போதும் இறங்க வேண்டாமா?

பிப்ரவரி 13

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது கத்தியை இறக்கும் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வலது பொத்தானின் கம்பியில் மீட்டரை வைத்தேன். தொடாமல் இருந்தபோது ஐந்து வோல்ட். அமுக்கினேன். பூஜ்யம்.

தலைகீழ். நான் அமுக்கினால் ஒன்று என்று நினைத்துக்கொண்டே படித்திருக்கிறேன். இங்கே கையை எடுத்தால்தான் ஒன்று. படத்தை மறுபடி விரித்தால், பொத்தான்களின் பெயருக்கு மேல் ஒரு சின்னக் கோடு. தலைகீழ் என்று சொல்லும் அதே கோடு. ஜெராக்ஸ் அழுக்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன், மடச்சி. அந்த ≥1 பெட்டியிலிருந்து வெளியே போகும் கம்பியும் கத்தியை இறக்கும் கம்பி இல்லை. பிடித்து நிறுத்தி வைக்கும் கம்பி.

இரண்டு கையில் ஏதாவது ஒன்று பொத்தானில் இல்லாவிட்டாலும், கத்தியை நிறுத்து. அந்தப் பெட்டி சொன்னது இவ்வளவுதான். நான் அப்படியே புரட்டிப்போட்டு மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இடது கம்பியில் மீட்டரை வைத்தேன். ஐந்து. மேசையை லேசாக உலுக்கினேன். பூஜ்யம். யாரும் தொடவில்லை, ஆனால் இடது கை அமுக்கிக்கொண்டே இருப்பதாக மெஷின் நம்புகிறது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றேன். மேனேஜர் வந்தார். நேற்று முன்தினம் சரி என்றவள் இன்று தப்பு என்றால் எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் படத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “என் மானத்த வாங்கணும்னே வந்தியாடி? தள்ளு.”

“நீ வேணா என்னை வீட்ட விட்டுப் போகச் சொல்லு. தள்ள மாட்டேன்.”

அப்புறம் மேனேஜரிடம், நீங்களே வந்து பாருங்கள் என்றேன். எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, மோட்டாரை மறுபடி இணைத்து, கத்திக்கு அடியில் ஒரு கட்டு அட்டையை வைத்து, மெயின் சுவிட்சைப் போட்டேன். வலது பொத்தானை மட்டும் அவர் அமுக்கினார். வரவில்லை. என்னைப் பார்த்தார். மறுபடி அமுக்கி, அப்படியே பிடித்துக்கொண்டார். வரவில்லை. மேசையின் ஓரத்தை முழங்காலால் இடித்தேன். கத்தி விழுந்தது. கட்டு இரண்டாகக் கிடந்தது.

அக்கா தன் இடது கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 14

மேசைக்கு அடியில் இடது பொத்தானின் கம்பி இரும்புச் சட்டத்தோடு உரசி, மேல் உறை தேய்ந்து போயிருந்தது. சட்டத்தில் படும்போதெல்லாம் பூஜ்யம். புதுக் கம்பி போட்டு, உரசாத வழியில் இழுத்துக் கட்டினேன். மற்ற மெஷின்களின் படங்களையும் கொண்டுவந்து மேனேஜர் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா வீட்டில் பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைத்திருந்தாள்.

பிப்ரவரி 15

பேசவில்லை.

பிப்ரவரி 17

காலையில் பக்கத்து மெஷினுக்கு அடியில் படுத்துக் கம்பி பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து அக்கா தெரிந்தாள். நான் இருப்பது அவளுக்குத் தெரியாது. வேலையை ஆரம்பிக்கும் முன் மேசையை முழங்காலால் இடித்துக்கொண்டே வலது பொத்தானை மட்டும் அமுக்கினாள். காத்திருந்தாள். கத்தி அசையவில்லை. பிறகு இடதை மட்டும். காத்திருந்தாள். அதற்கப்புறம்தான் அட்டைக் கட்டை உள்ளே தள்ளினாள்.